சொல் வரும்வரை காத்திருப்போம்

காலை ஆறரை மணிக்கெல்லாம் தாத்தா தமிழ் நாளிதழை விரித்துவிடுவார். கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தலைப்புச் செய்தி ஒன்றை உரக்கப் படித்து, “இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு பாப்பா” என்பார். தப்பாகச் சொன்னால் சிரிப்பார். சரியாகச் சொன்னால் ஐம்பது காசு கிடைக்கும்.

நான் உயர்நிலை நான்கில் படித்த ஆண்டில், ஒருநாள் காலை நாளிதழ் மடித்தபடியே கிடந்தது. தாத்தாவின் வலது கை தொங்கிப்போயிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அம்மா உடனே 995ஐ அழைத்தார். மூளையின் இடப் பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் வந்த பக்கவாதம் என்று மருத்துவர் சொன்னார்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் என்னைப் பார்த்து “சாவி” என்றார். வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டி மறுத்தார். “சாவி… சாவி…” என்று மறுபடியும் சொன்னார். காது கேட்கவில்லையோ என்று நினைத்து, “என்ன சாவி தாத்தா?” என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் என்னைத்தான் கூப்பிட்டார் என்பது பல நாள் கழித்தே எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவருடைய அறைக்குள் போவதைக் குறைத்துக்கொண்டேன். ‘ஓ’ நிலைத் தேர்வு நெருங்குகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தடுமாறுவதைப் பார்க்கவும் துணிவில்லை.

தாத்தாவுக்கு வந்திருந்த பாதிப்பின் பெயர் அஃபேசியா. தமிழில் பேச்சிழப்பு என்று சொல்லலாம். அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கும் விஷயங்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கலாம்.

அறிவு இருக்கிறது, சொல் வரவில்லை

பக்கவாதத்துக்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா ஏற்படுகிறது. தலையில் பலத்த அடிபட்டாலும், மூளையில் கட்டி வந்தாலும் ஏற்படலாம். பெரும்பாலோருக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடப் பக்கத்தில் அமைந்துள்ளன. உடலின் வலப் பக்கத்தை இயக்குவதும் அதே இடப் பக்க மூளைதான். அதனால்தான் பேச்சும் வலது கையும் பல நேரங்களில் ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றன.

அஃபேசியாவை மூன்று விஷயங்களோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, காது கேளாமை. நான் செய்ததுபோல் கத்திப் பேசினால் பயனில்லை. எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். இரண்டாவது, பேச்சுக் குழறல். நாக்கு, உதட்டுத் தசைகள் தளர்ந்துபோனால் உச்சரிப்பு தெளிவாக இருக்காது. ஆனால் சொல்ல வந்த சொல் சரியாகவே இருக்கும். அஃபேசியாவில் அந்தச் சொல்லையே எடுக்க முடியாமல் போகிறது. மூன்றாவது, முதுமை மறதி. பக்கவாதத்தால் அஃபேசியா வந்தவர் தம் பேத்தியை மறந்துவிடவில்லை. பேத்தியின் பெயர்தான் வாயில் வர மறுக்கிறது.

பக்கவாதம் இல்லாமல் மெல்ல மெல்லப் பேச்சு குறைந்துகொண்டே போகும் வகையும் உண்டு. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிசுக்கு அஃபேசியா இருப்பதாக அவர் குடும்பத்தார் 2022 மார்ச் மாதம் அறிவித்தார்கள். அதன் மூலக்காரணம் மூளையைப் படிப்படியாகப் பாதிக்கும் ஒருவகை முதுமை மறதி என்று 2023 பிப்ரவரியில் தெரிவித்தார்கள். அதன் போக்கு வேறு. இந்தக் கட்டுரை பக்கவாதத்தால் வரும் அஃபேசியாவைப் பற்றியது.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி வருவதில்லை. சிலருக்கு நாம் பேசுவது ஓரளவு நன்றாகவே புரியும். ஆனால் திரும்பிப் பேசும்போது சொற்கள் ஒவ்வொன்றாக, மிகுந்த சிரமத்துடன் வரும். “நேற்றுச் சந்தையில் மீன் வாங்கினேன்” என்பது “நேத்து… சந்தை… மீனு…” என்று முடிந்துவிடும். வேற்றுமை உருபும் வினைமுற்றும் காணாமல் போகும். இன்னும் சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஏற்ற இறக்கம்கூடச் சரியாக இருக்கும். ஆனால் சொற்கள் இடம் மாறியிருக்கும், அல்லது எந்த மொழியிலும் இல்லாத சொற்களாக இருக்கும். தாங்கள் தவறாகப் பேசுகிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. வேறு சிலருக்குப் பெயர்ச்சொற்கள் மட்டும் நழுவும். பாதிப்பு கடுமையாக இருந்தால் பேசுவது, புரிந்துகொள்வது இரண்டுமே கடினமாகும்.

“பேச வரலைன்னா எழுதிக் காட்டுங்க” என்று நாங்களும் தாத்தாவிடம் தாளும் பேனாவும் கொடுத்தோம். அஃபேசியா என்பது மொழிக்கே வந்த பாதிப்பு என்பதால் வாசிப்பும் எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன. கைப்பேசியில் தட்டச்சு செய்வதற்கும் இது பொருந்தும். தினமும் நாளிதழ் படித்த மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்ததன் காரணம் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

நான்கு முறை விரிந்த கை

உயிரியல் மாணவர்கள் ‘புரோக்கா பகுதி’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் “டான், டான்” என்பது மட்டுமே அவர் வாயிலிருந்து வரும். அதனால் அவர் பெயரே ‘டான்’ என்றாகிவிட்டது. 1861ல் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். சில நாள்களில் லெபோர்ன் இறந்ததும் அவருடைய மூளையை ஆராய்ந்து, இடப் பக்க முன்மூளையில் சேதம் இருந்ததைக் கண்டார். பேச்சுக்கும் மூளையின் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கும் தொடர்பு இருப்பதை அது உணர்த்தியது. 1874ல் கார்ல் வெர்னிக்க என்ற ஜெர்மானிய மருத்துவர், புரிந்துகொள்வதோடு தொடர்புடைய மற்றொரு பகுதியைப் பற்றி எழுதினார். அப்போது அவருக்கு வயது 26.

பாடநூல்கள் பொதுவாக இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் புரோக்கா எழுதிவைத்த குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எத்தனை ஆண்டுகளாக இந்த மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, லெபோர்ன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு, ஒரு விரலை மட்டும் நீட்டினார். நான்கு ஐந்து இருபது, அதோடு ஒன்று, மொத்தம் 21. விடை சரி. “டான்” என்பதைத் தவிர வேறெதுவும் பேச முடியாத அந்த மனிதர் கேள்வியைப் புரிந்துகொண்டு, கணக்குப் போட்டு, விடையும் சொல்லிவிட்டார்.

சொல் போனாலும் திறமை போய்விடுவதில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் விஸ்ஸரியோன் ஷெபாலினுக்கு 1953லும் 1959லும் பக்கவாதம் வந்தது. பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் அவருக்குப் பெரும்பாடாயின. ஆனாலும் தம் ஐந்தாவது சிம்ஃபொனியை 1962ல் எழுதி முடித்தார். சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் திரான்ஸ்திரோமர் 1990ல் பக்கவாதத்தால் பேச்சையும் வலக்கையின் இயக்கத்தையும் இழந்தார். இடது கையால் மட்டும் பியானோ வாசித்தார். 2011ல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

சிகிச்சையில் என்ன நடக்கிறது?

பேச்சு சிகிச்சை என்றதும், ஆசிரியர் சொல்லச் சொல்லத் தாத்தா திருப்பிச் சொல்வார் என்றுதான் நான் கற்பனை செய்திருந்தேன். உண்மையில் அது மிகவும் நுணுக்கமான வேலை. எது உடைந்திருக்கிறது, எது உடையாமல் இருக்கிறது என்பதைச் சிகிச்சையாளர் முதலில் கண்டுபிடிப்பார். பொருளே மறைந்துவிட்டதா, பொருள் இருந்தும் ஒலி வடிவம் கிடைக்கவில்லையா, சொல் கிடைத்தும் வாக்கியமாகச் சேரவில்லையா? இவற்றுக்கான விடையைப் பொறுத்தே பயிற்சி அமையும்.

ஒரு முறை, சொல்லைச் சுற்றி வலை பின்னுவது. ‘இடியாப்பம்’ என்ற சொல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது என்ன வகைப் பொருள்? உணவு. எதில் செய்வது? அரிசி மாவு. எப்படிச் செய்வது? பிழிவது. எதோடு சாப்பிடுவது? தேங்காய்ப்பூ, சர்க்கரை. இப்படிச் சுற்றியுள்ளவற்றைத் தொட்டுத் தொட்டுப் போகும்போது நடுவிலுள்ள சொல் மேலே வர வாய்ப்பு கூடுகிறது. அப்படியும் வராவிட்டால் “இ…” என்று முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள்.

இன்னொரு முறை, அன்றாடம் தேவைப்படும் சிறு உரையாடலை நாடக வசனம்போல் பலமுறை பழகுவது. காப்பிக் கடையில் தேநீர் கேட்பது, மருந்தகத்தில் பெயர் சொல்வது, தொலைபேசியில் மகளிடம் நலம் விசாரிப்பது போன்றவை இதில் அடங்கும். தாத்தா தேர்ந்தெடுத்தது காப்பிக் கடையை.

மூன்றாவது முறை பலருக்கும் வியப்பளிக்கும். பேச முடியாதவர் சிலர் பாடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். பழகிய பிரார்த்தனையை முழுதாகச் சொல்வார்கள். கோபம் வந்தால் திட்டுவார்கள். லெபோர்னும் கோபத்தில் ஒரு வசவை முழுதாகச் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. நெடுநாள் பழகித் தானாக வரும் பேச்சுக்கும், புதிதாக யோசித்து அமைக்கும் பேச்சுக்கும் மூளை வெவ்வேறு வழிகளைப் பயன்படுத்துகிறது. இசையைக் கையாள்வதில் வலப் பக்க மூளைக்கும் பெரும் பங்குண்டு. இதை அடிப்படையாகக் கொண்டு 1973ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு சிகிச்சையை அறிமுகப்படுத்தினர். “தண்ணி வேணும்” போன்ற சிறு தொடரை ராகம்போல் இழுத்துச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தட்டவேண்டும். பிறகு ராகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இயல்பான பேச்சுக்குக் கொண்டுவருவார்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேப்ரியல் கிஃபர்ட்ஸ் 2011 ஜனவரியில் தலையில் சுடப்பட்டு அஃபேசியாவுக்கு ஆளானார். அவர் மீண்டும் பேசக் கற்றதில் இசை சிகிச்சைக்கும் பங்குண்டு. 2020ல் தம் கட்சியின் தேசிய மாநாட்டில் உரையாற்றினார். இடையில் ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆண்டுக் கணக்கு நம்மை மலைக்கவைக்கலாம். பொதுவாக முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். “ஆறு மாதத்தோடு முடிந்தது” என்று சிலர் சொல்வது சரியல்ல. பல ஆண்டுகளுக்குப் பிறகும் பயிற்சியால் பலன் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 57 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2016ல் வெளியான கோக்ரேன் ஆய்வு, பேச்சு சிகிச்சை பயனளிக்கிறது என்று முடிவு கூறியது.

எந்த மொழி திரும்பி வரும்?

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தாத்தாவுக்கு வீட்டில் தமிழ், பட்டறையில் மலாய், மருத்துவரிடம் கொஞ்சம் ஆங்கிலம். ஒருநாள் அம்மா கஞ்சி ஊட்டும்போது, “சூடா” என்றார். அம்மா கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தார். “சூடா, சூடா” என்று கோபமாகத் தட்டையே தள்ளிவிட்டார். பிறகுதான் பொறி தட்டியது. அவர் சொன்னது தமிழ்ச் சூடு இல்லை, மலாய்ச் சொல். ‘போதும், முடிந்தது’ என்று சொல்லியிருக்கிறார்.

பன்மொழியாளருக்கு அஃபேசியா வந்தால் எந்த மொழி முதலில் மீளும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே விவாதித்திருக்கிறார்கள். முதலில் கற்ற மொழி என்ற கருத்து பிரெஞ்சு அறிஞர் ரிபோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. பழக்கத்தில் அதிகம் இருந்த மொழி என்று 1895ல் பீத்ர் என்ற மருத்துவர் வாதிட்டார். இரண்டுமே எல்லாருக்கும் பொருந்தவில்லை. பலருக்கு எல்லா மொழிகளும் சேர்ந்தே மீள்கின்றன. சிலருக்கு ஒன்று முந்துகிறது. சிலருக்கு மொழிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஆகவே நோயாளியின் எல்லா மொழிகளிலும் பரிசோதித்துப் பார்ப்பதே முறை. எந்த மொழியில் வந்தாலும் அது சொல்தான். “தமிழ்ல சொல்லுங்க தாத்தா” என்று திருத்தக்கூடாது.

எங்கள் பேச்சு சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. அதனால் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஒருநாள் அவர் குடையின் படத்தைக் காட்டினார். தாத்தா யோசித்து, “மழை… மழைக்கு… பிடி…” என்றார். ‘குடை என்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிகிச்சையாளர் என்னைப் பார்த்து, “குடை என்ற சொல்லையே சொன்னாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். எனக்கு அதுதான் வேண்டும்” என்றார்.

தாத்தாவின் தடுமாற்றத்தை வேறொருவர் முன் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாக்கியங்களைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் தடுமாற்றத்தில்தான் சிகிச்சைக்கான தகவல் இருந்தது. ‘மழைக்குப் பிடிப்பது’ என்றால் பொருள் பத்திரமாக இருக்கிறது, பெயர்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. ‘நாற்காலி’ என்று சொல்லியிருந்தால் அது வேறு வகைச் சிக்கல். நீங்கள் மொழிபெயர்க்க நேர்ந்தால் அழகுபடுத்தாதீர்கள். தவறான சொல்லையும் பாதிச் சொல்லையும் வந்தபடியே சொல்லுங்கள்.

இன்னொன்று, எழுத்துத் தமிழை எதிர்பார்க்காதீர்கள். காரின் படத்தைப் பார்த்துத் தாத்தா ‘காடி’ என்றார். படத்தின் கீழே ‘மகிழுந்து’ என்று அச்சிட்டிருந்தாலும் தாத்தா சொன்னதே சரியான விடை. அவர் வாழ்நாள் முழுவதும் பேசிய சொல் அதுதான். இதைச் சிகிச்சையாளருக்கு எடுத்துச் சொல்ல அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். தமிழ் வகுப்பில் சுமாரான மாணவியான நான் பயன்பட்ட இடம் அது.

உரையாடுவதும் ஒரு கலை

சிகிச்சை வாரத்தில் ஒரு மணி நேரம் என்றால், மீதி நேரம் முழுவதும் நோயாளி நம்மோடுதான் இருக்கிறார். கனடாவின் டொராண்டோ நகரில் 1979ல் பேட் அராட்டோ என்ற பெண்மணி, பக்கவாதத்தால் பேச்சிழந்த தம் கணவருக்காகத் தொடங்கிய முயற்சி பிறகு அஃபேசியா கழகமாக வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய பேச்சு சிகிச்சையாளர் ஆரா கேகன், நோயாளிக்குப் பதிலாக அவரோடு பேசுகிறவருக்குப் பயிற்சி கொடுக்கும் முறையை உருவாக்கினார். 2001ல் வெளியான ஆய்வில் 20 தொண்டூழியர்களுக்குப் பயிற்சி அளித்து, பயிற்சி பெறாத 20 பேரோடு ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களோடு பேசியபோது, அஃபேசியா உள்ளவர்கள் உரையாடலில் கூடுதலாகப் பங்கெடுத்தார்கள், தகவல்களையும் நன்றாகத் தெரிவித்தார்கள். மாறியது அவர்களின் மூளை இல்லை. எதிரில் உட்கார்ந்தவர் பேசிய விதம்தான்.

அந்த முறையின் அடிப்படை, ‘உங்களுக்கு விஷயம் தெரியும் என்பது எனக்குத் தெரியும்’ என்பதை நோயாளிக்கு உணர்த்துவது. சொல் சிக்கிக்கொள்ளும்போது இதை வாய்விட்டே சொல்லலாம். “உங்களுக்குத் தெரியும் தாத்தா. வார்த்தைதான் வரல. மெதுவா சொல்லுங்க” என்று முதல்முறை நான் சொன்னபோது, தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மற்றவை சிறு சிறு பழக்கங்கள்:

* தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, முகம் தெரியும்படி எதிரில் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள்.

* இயல்பான குரலில், சிறு வாக்கியங்களில் பேசுங்கள். குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசாதீர்கள். அவர் பெரியவர்.

* பேச்சு மாறும்போது சொல்லிவிடுங்கள். “சாப்பாடு பத்திப் பேசினோம். இப்ப மருந்தைப் பத்திக் கேக்கறேன்.”

* முக்கியச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதியோ படமாக வரைந்தோ காட்டுங்கள். முழு வாக்கியம் வேண்டாம்.

* “என்ன வேணும்?” என்பதைவிட “தேத்தண்ணியா, மைலோவா?” என்பது எளிது. இரண்டையும் எழுதிக் காட்டினால் விரலால் தொட்டுக் காட்டுவார்.

* கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து நொடி மௌனம் நமக்கு நீளமாகத் தெரியும். அவருக்கு அது தேவை. அவர் உதவி கேட்டாலொழிய வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

* ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டும்கூட மாறி வரலாம். “நாளைக்குத்தான் போகணும்னு சொல்றீங்க, சரியா?” என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

* புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். “எனக்குப் புரியல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் பாப்போம்” என்பது அதைவிட மரியாதையானது.

இவற்றோடு ஓர் ஏடும் தயார் செய்யலாம். குடும்பத்தினரின் படங்கள், வழக்கமான உணவு வகைகள், அடிக்கடி போகும் இடங்கள், எம்ஆர்டி வரைபடம், நாள்காட்டி, வலி அளவைக் காட்டும் முகங்கள் ஆகியவற்றை ஒட்டிவைத்தால் போதும். நான் இதைத் தாத்தாவின் கைப்பேசியில் படத்தொகுப்பாகவும் வைத்தேன். முதல் படம் என்னுடையது. “சாவி” என்றதும் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டக் கற்றுக்கொண்டார்.

தனிமை என்ற இரண்டாவது நோய்

தாத்தாவைப் பார்க்க முதலில் பல நண்பர்கள் வந்தார்கள். பதில் வராத உரையாடலை எப்படித் தொடர்வது என்று தெரியாமல், ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே அப்படித்தானே ஒதுங்கினேன்? அஃபேசியா உள்ளவர்களிடையே மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது. பராமரிப்பாளர்களும் சோர்ந்துபோகிறார்கள். அம்மா ஓராண்டு எந்தத் திருமணத்துக்கும் போகவில்லை.

இதனால்தான் குழுவாகக் கூடுவது முக்கியம். சிங்கப்பூரில் அஃபேசியா எஸ்ஜி அமைப்பு, அஃபேசியா உள்ளவர்களும் குடும்பத்தாரும் தொண்டூழியர்களும் கலந்து பேசும் சந்திப்புகளை நடத்துகிறது. அதற்கென்று ஒரு பாடகர் குழுவும் உண்டு. மலேசியாவில் 1996ல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாம், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கு மறுவாழ்வு நிலையங்களை நடத்திவருகிறது. பள்ளியிலோ கல்லூரியிலோ சமூக சேவைத் திட்டத்துக்கு யோசனை தேடுகிறவர்கள் இத்தகைய அமைப்புகளை அணுகிப் பயிற்சி பெறலாம். தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவர் இருந்தால் அந்த அறையிலுள்ள தமிழ்ப் பாட்டி ஒருவரின் மாலைப்பொழுதே மாறிவிடும்.

இதையே தொழிலாகவும் தேர்ந்தெடுக்கலாம். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பேச்சு, மொழி சிகிச்சைக்கான பட்டப்படிப்பும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பும் இருக்கின்றன. மலேசியாவில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இத்துறையில் பட்டதாரிகளை உருவாக்கிவருகிறது. உயிரியல், மொழியியல், உளவியல் மூன்றும் சந்திக்கும் துறை இது. தமிழில் நன்றாகப் பேசத் தெரிந்திருப்பது இங்கே நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும் திறன்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு திடீரெனக் குழறுவது அல்லது நின்றுபோவது ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். சிங்கப்பூரில் 995ஐயும் மலேசியாவில் 999ஐயும் உடனே அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று.

நான் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனிக்கிழமை காலையில் தாத்தாவைக் கீழ்த்தளக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போவேன். கடைக்காரரிடம் நான் எதுவும் சொல்வதில்லை. பின்னால் வரிசை சேர்ந்தாலும் அவர் காத்திருப்பார். தாத்தா மேசையைத் தட்டியபடி, “தே… ஓ… கோசோங்” என்பார். சில வாரம் ‘கோசோங்’ வராது. சர்க்கரை போட்ட தேநீர் வந்துவிடும். அவர் அதை ரசித்துக் குடிப்பதைப் பார்த்தால், வேண்டுமென்றேதான் சொல்லவில்லையோ என்றுகூடத் தோன்றும்.

நாளிதழை இப்போது நான் படிக்கிறேன், அவர் கேட்கிறார். ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, “இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க தாத்தா” என்பேன். பதில் சில நாள் ஒரு சொல்லாக வரும், சில நாள் கையசைவாக வரும். சில நாள் “சாவி” என்று மட்டும் வரும். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.